கோழியின் கால் ஏன் சும்மா இருப்பதில்லை

அந்தக் காலத்தில் கோழி வாய் திறந்தால் மனிதருக்கும் புரிந்தது. அப்போது எந்தக் கோழியும் தீனியைக் கிளறாது. போட்டதைக் குனிந்த தலை நிமிராமல் கொத்தி முடித்துவிட்டு நிழலுக்குப் போய்விடும்.

பவளாயி வீட்டுச் செவலைக் கோழி மட்டும் அப்படியில்லை. ஒரு வாய் தின்பதற்குள் நாலு தடவை காலால் வாரி இறைக்கும். பாதித் தீனி குருவிகளுக்குப் போய்விடும்.

"ஒரு கொத்துக்கு ஒரு மணி, அதுதான் திறமை. நீ பண்றதுக்குப் பேரு வெட்டி வேலை," என்று சுவர்மேல் நின்று சேவல் நக்கலடிக்கும். அந்தச் சேவல் ஒரு வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. அடுத்தவர் வேலையை அளப்பதில் மட்டும் அது கெட்டி.

பவளாயிக்கும் பொறுமை போய்விட்டது. "இனியும் எறைச்சீன்னா, குஞ்சுகள வெச்சுக்கிட்டு உன்னைச் சந்தையில வித்துருவேன்."

செவலை குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தது. "இனி கால் அசையாதுங்க ஆத்தா," என்றது.

மறுநாள் பவளாயி, தானிய மூட்டைகளுக்கு அடியில் சிந்திக் கிடந்த கம்பைக் கூட்டி அள்ளி வந்து வாசலில் குவித்தாள். குஞ்சுகள் ஓடி வந்தன. செவலை இரண்டு கால்களையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றது. பாவம், எவ்வளவு நேரம்தான் அடக்கும்? குஞ்சுகள் அலகு வைப்பதற்குள் கால் தானாகப் போய்விட்டது. வாரிய வாரலில் கம்பு பவளாயியின் முகத்தில் வந்து விழுந்தது.

"சொல்லச் சொல்லக் கேக்க மாட்டியா?"

விளக்குமாற்றை ஓங்கியவள் அப்படியே நின்றாள். கலைந்த குவியலுக்குள்ளிருந்து, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு கருந்தேள் வெளியே வந்தது. முன்னால் நின்ற குஞ்சுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடம்கூட இல்லை.

சேவல் கூரைக்குப் பறந்துவிட்டது. செவலை பாய்ந்து, ஒரே கொத்தில் தேளை முடித்தது.

பவளாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்லவேளை! நான் இந்தக் கையாலதானே அள்ளிக்கிட்டு வந்தேன்! நீ எறைச்சுக்கோ தாயி, எவ்வளவு வேணாலும் எறைச்சுக்கோ."

செவலை குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. வெகுநேரம் கழித்துக் கூரையிலிருந்து இறங்கிய சேவல், யாரும் பார்க்காதபோது தானும் ஒரு தடவை கிளறிப் பார்த்தது.

அன்று முதல்தான், கழுவித் துடைத்த தட்டில் சோறு வைத்தாலும் கோழி காலால் கிளறிப் பார்த்துவிட்டே தின்கிறது; வீட்டுக்காரிகளும் திட்டிக்கொண்டே வாசலைக் கூட்டுகிறார்களே தவிர, கோழியை விரட்டுவதில்லை.