பாழடைந்த கோட்டைவீடும் திரும்பாத பூதமும்

முன்னொரு காலத்திலே, எந்தக் காலம்னு என்னைக் கேட்டு உயிரை வாங்காதீங்க, ஒரு பண்ணையார் கொள்ளைக்காரங்களுக்குப் பயந்து தன் பண்ணைவீட்டைச் சுத்திக் கோட்டைச்சுவர் எழுப்பினார். அதுவும் பத்தாதுன்னு மந்திரம் போட்டு ஒரு பூதத்தை வாசலில் காவலுக்கு நிறுத்தினார். பண்ணையார் செத்தார், பேரன் பேத்திகளும் செத்தாங்க, வீடு இடிஞ்சு குட்டிச்சுவராச்சு. பூதம் மட்டும் தெருவைப் பார்த்து நின்னுக்கிட்டே இருந்துச்சு. அனுமதியில்லாம உள்ளே போற உயிர் காலிலிருந்து மேலே மேலே கல்லாயிடும்.

ஒருநாள் அந்த ஊர்த் தங்காயியோட சினைப்பசு பின்சுவர் இடிசல் வழியா உள்ளே போயிருச்சு. அவளுக்குச் சொத்துன்னு இருந்ததே அது ஒண்ணுதான். குளம்பு நாலும் கல்லாச்சு. கன்னு போடற நேரம் வேற.

தங்காயி வாசலுக்கு ஓடினா.

"பூதம் ஐயா, என் மாட்டை விட்டுடுங்க."

"பண்ணையார் சொல்லணும்."

"அவர் செத்துட்டாருங்க."

"சாப்பிட்டுத் தூங்கறார்."

"பூதமே, வீடே இடிஞ்சு கிடக்கு."

"நான் காவல் நிக்கறப்போ எப்படி இடியும்?"

"ஏ பூதம், திரும்பித்தான் பாரேன்."

"காவல்காரன் திரும்பக் கூடாது. உள்ளேயிருந்து கூப்பிட்டாத்தான் திரும்பலாம்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" தங்காயி தலையில அடிச்சுக்கிட்டா. தலைமுறை தலைமுறையா ஊரே அந்த வாசலில் நின்னு கெஞ்சியிருக்கு. ஒருத்தருக்காவது இதைக் கேட்கத் தோணுச்சா? எனக்கு வர்ற ஆத்திரத்துக்குக் கதையை இங்கேயே நிறுத்திடுவேன்.

தங்காயி இடிசலைத் தாண்டி உள்ளே குதிச்சா. பாதம் கல்லாச்சு. முழங்கால் கல்லாச்சு. இடுப்பும் கல்லாகறதுக்குள்ளே அடிவயித்திலிருந்து கத்தினா.

"காவல், உள்ளே வா!"

பூதம் திரும்புச்சு. கூரையைக் காணோம். நெல்லுக் குதிர்களைக் காணோம். நெல் குவிச்ச இடமெல்லாம் எருக்கஞ்செடி. காக்கறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்ச நிமிஷமே மந்திரம் உடைஞ்சுது. பசுவுக்கும் அவளுக்கும் கால் மறுபடி காலாச்சு.

"யாருமே எங்கிட்டச் சொல்லலையே" என்று பூதம் அழுதுச்சு.

"வர்றவன் போறவன் எல்லாம் சொன்னான். நீ எங்கே கேட்டே?" என்றவளுக்கு, அது தேம்பறதைப் பார்த்து மனசு கேட்கலை. "சரி, உட்காரு. எவ்வளவு காலந்தான் நிப்பே."

பூதம் உட்கார்ந்துச்சு. பசு கன்னு போட்டுச்சு. தங்காயி சீம்பால் காய்ச்சி முதல் சொம்பைப் பூதத்துக்குத்தான் கொடுத்தா. குடிச்சுட்டு, "இந்த நிலமும் கிணறும் இனி உன்னுது தாயி"ன்னு சொல்லிட்டுக் காத்தோட காத்தாப் போயிருச்சு.

சொம்பையும் எடுத்துக்கிட்டே போயிருச்சு. அவகிட்ட இருந்ததே ஒரு சொம்பு.