கிளை மடத்து விளக்கு

அந்த மடத்தில் தீப்பெட்டி வாங்கும் வழக்கமே கிடையாது. சன்னிதியில் ஒரு விளக்கு அணையாமல் எரியும். அடுப்போ ஊதுவத்தியோ, எதுவானாலும் அதிலிருந்துதான் பற்றவைப்பார்கள்.

மாசிலாமணி அங்கே சீடர். வங்கியின் கணினிப் பிரிவில் தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்தவர். குரு தவமணியம்மாள் அவரைவிட வயதில் இளையவர். மடத்தின் இணையதளம் மாசிலாமணியின் பொறுப்பு.

பழனிக்கு நடக்கும் சனங்கள் சாலையோரத்துப் புதிய கிளை மடத்தில் தங்குவதற்குப் பெயர் பதிய வேண்டும். அதற்கென இணையதளத்தில் சேர்க்க ஒரு பகுதியை அவரே உருவாக்கியிருந்தார். போன வருஷம் இடம் கிடைக்காமல் கைக்குழந்தைக்காரிகள் பனியில் படுத்துக் கிடந்தார்கள். இந்த வருஷம் அப்படி ஆகவிடக் கூடாது என்றிருந்தார். விடிந்தால் பதிவு தொடங்க வேண்டும். இணையதளம் இயங்கும் சர்வரோ அந்தப் பகுதியை உள்ளே விடவே மாட்டேன் என்றது.

பெயரை மாற்றிப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். வரிவரியாகத் துடைத்து மெருகேற்றினார். பிழை என்று சிவப்பு எழுத்துதான் வந்தது. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் குருவிடம் போய் நின்றார்.

"எங்க தப்புன்னே புரியலம்மா."

"கிளை மடத்துல இன்னும் விளக்கேத்தலை. வாங்க, ஏத்திட்டுப் பேசுவோம். அங்க ஒண்ணும் கிடையாது, வேண்டியதை எடுத்துக்குங்க."

இருக்கிற தலைவலியில் இது வேறா என்று மனசுக்குள் முணுமுணுத்தாலும், காலையில் சன்னிதியில் எரிந்த சிறு குத்துவிளக்கை எடுத்தார். எண்ணெய், திரி, பூ, துடைக்கத் துணி. லேப்டாப்பையும் விடவில்லை.

கிளை மடத்தில் விளக்கை வைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டார். பழக்கத்தில், சன்னிதியின் அணையா விளக்கைத் தேடிக் கை இடது பக்கம் நீண்டது. அங்கே வெறும் சுவர். மனிதர் திருதிருவென விழித்தார்.

"என்னாச்சு?"

"எரியலம்மா."

"விளக்கை இன்னொரு தடவை தேய்ச்சுப் பாருங்களேன்."

"விளக்குல ஒரு குறையும் இல்லம்மா. நெருப்புதான் இல்ல."

பக்கத்துக் கடைக்கு ஓடித் தீப்பெட்டி வாங்கி வந்தார். சுடர் நிமிர்ந்தது. அவர் குழப்பம் மட்டும் அப்படியே இருந்தது.

"விளக்கு எரிஞ்சிடுச்சு. என் சங்கதிக்கு வழி சொல்லலையேம்மா. என் லேப்டாப்புல அது நல்லாத்தான் ஓடுது!"

"இதுவும் காலையில நம்ம மடத்துல நல்லாத்தான் எரிஞ்சுது."

மாசிலாமணி கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். மெல்ல லேப்டாப்பைத் திறந்தார். எரிச்சலில் பாதியிலேயே மூடிவந்த அந்தச் சிவப்பு எழுத்தை முதல்முறையாகக் கடைசி வரை படித்தார். நாள் கணக்கைப் பார்த்துச் சொல்லும் ஒரு சின்னத் துணைப் பகுதி சர்வரில் இல்லை என்றிருந்தது. எப்போதோ தன் லேப்டாப்பில் போட்டுவிட்டு, அப்படியொன்று இருப்பதையே மறந்துபோன பகுதி.

"இதை நான் அனுப்பவே இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு தன்னுடையதை ஏற்றினார். சர்வர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கிளம்பும்போது தீப்பெட்டியைக் கையில் எடுத்தார்.

"நம்ம மடத்துக்கு எடுத்துட்டுப் போயிடட்டுமாம்மா?"

"இங்கயே இருக்கட்டும். இங்க வர்றவங்க யாரும் நம்ம மடத்து அணையா விளக்கோட வரப்போறதில்லை."