பீசா கோபுரத்தைச் சாய்த்த சொதி

சமையல்காரர் ஆவுடையப்பன் ஐரோப்பாவுக்கு ஒன்பது தடவை போய்வந்தவர். இது அவரே சொன்னது. வேறு யாரும் இதுவரை சொன்னதில்லை.

பாளையங்கோட்டையில் காலை நடைக்குச் சேரும் நாங்கள் இருபது பேர் மே மாதம் ஐரோப்பா சுற்றுலா போவதாக ஏற்பாடு. ஊர் காட்ட வழிகாட்டி உண்டு, பஸ் உண்டு, ஹோட்டல் உண்டு. சோறுதான் பிரச்சினை. நம்மூர்க் கூட்டங்கள் இப்போதெல்லாம் கையோடு ஒரு சமையல்காரரையும் கூட்டிக்கொண்டுதான் கிளம்புகின்றன. பாரிஸில் என்ன பார்த்தோம் என்பது ஒரு மாதத்தில் மறந்துவிடும். பாரிஸில் ரசம் கிடைத்ததா என்பது சாகிறவரை மறக்காது. எங்களில் சங்கிலிபூதம் முன்பு ஒரு தடவை சமையல்காரர் இல்லாத கூட்டத்தோடு போய், காய்ந்த ரொட்டியும் வெள்ளரிக்காயும் தின்று பாதி ஆளாகத் திரும்பியவர். அதனால் ஆளை எடுக்குமுன் ஒரு நாள் சமைக்கச் சொல்லி ருசி பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஆவுடையப்பனுக்கோ இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். கல்யாண வீடுகளில் நீட்டுகிற கார்டில் ‘ஐரோப்பா புகழ்’ என்று ஏற்கெனவே அச்சடித்துவிட்டார். போட்டோ எங்கே என்று கேட்கிறவர்களிடம், காமிரா கடலில் விழுந்த கதையைச் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சங்கிலிபூதம் வீட்டுப் பின்கட்டில் அடுப்பு மூட்டினார். தேங்காய்ப் பாலில் காய்கள் போட்டுச் சொதி வைக்கிறேன் என்றார். திருநெல்வேலிக்காரனிடம் வேலை கேட்டு வருகிறவர் வேறு எதை வைப்பார்? நாங்கள் நாற்காலி போட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். நடுவில் சொர்ணத்தாய் டீச்சர். எங்கள் கூட்டத்துக்கு மூத்தவர். அவர் தலையசைத்தால்தான் எதுவும் நடக்கும்.

“அங்க ஹோட்டல்ல சமைக்க விடுவானா?” என்று டீச்சர்தான் ஆரம்பித்து வைத்தார்.

“விடவா? நல்லா கேட்டீங்க டீச்சர்!” ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “பாரிஸ்ல ரூமுக்குள்ள வச்சு ஒரே ஒரு தாளிப்புதான் தாளிச்சேன். சீலிங்ல இருந்த மணி கூப்பாடு போட்டுட்டு. அஞ்சே நிமிஷத்துல பதினாறு தீயணைப்பு வண்டி. குழாயத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தானுவ பாருங்க, வாசல்லயே நின்னுட்டானுவ. வாசம் அப்படி. இலையப் போடுன்னு உக்காந்துட்டானுவ. சாப்பிட்டு முடிச்சு, அந்தக் குழாயாலயே என் அண்டா குண்டா எல்லாத்தையும் கழுவிக் குடுத்துட்டுத்தான் போனானுவ.”

“அன்னைக்கு பாரிஸ்ல வேற எங்கயும் தீப்பிடிக்கலயாக்கும்?” என்றார் சங்கிலிபூதம்.

“பிடிச்சுது அண்ணாச்சி. யாரு போவா? மோருக்குல்லா காத்திருந்தானுவ.”

டீச்சர் சிரிப்பை அடக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீச்சர் கதையில் விழுந்துவிட்டார் என்று ஆவுடையப்பனுக்குத் தெரிந்துவிட்டது. காய்கள் வெந்த மூன்றாம் பாலில் இரண்டாம் பாலை ஊற்றிக்கொண்டே ஹாலந்துக்குப் போனார்.

“இட்லிக்கு மாவு அரைக்கணும், கிரைண்டர் ரிப்பேர். அங்க காத்தாடி மில்லு நிக்கும்லா, பத்து ஆளுயரத்துக்கு. அரிசி உளுந்த அதுக்குள்ள தட்டிட்டேன். மில்லுக்காரன் ஓடியாந்து, ‘நானூறு வருஷமா கோதுமைதான் அரைக்குது, இது என்னய்யா’ன்னு கேக்கான். நின்னு பாரும்ன்னேன். அன்னைக்குன்னு பாத்து நல்ல காத்து. மாவு வந்துக்கிட்டே இருக்கு. மறுநாள் காலையில புளிச்சுப் பொங்கி, கரையத் தாண்டி கடலுக்குள்ள எறங்கிட்டு. வெயில்ல அப்படியே வெந்து கெட்டியாயிட்டு. அந்த ஊர்க்காரன் கடல மூடி நிலம் எடுப்பான்னு படிச்சிருப்பீங்க. அதுல நாலு ஏக்கர் நம்ம இட்லி.”

“இப்ப அதுல என்ன போட்டிருக்கான்?”

“பூ போட்டிருக்கான் அண்ணாச்சி. நல்ல மிருதுவான மண்ணுல்லா.”

சங்கிலிபூதம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “வே, நான் வெனிஸுக்குப் போயிருக்கேன். அங்க தெருவே கிடையாது, பூரா தண்ணி. நீரு அண்டாவ எப்படிக் கொண்டு போனீரு, சொல்லும் பாப்போம்.”

“நான் எங்க கொண்டு போனேன்? அண்டாதான் என்னக் கொண்டு போச்சு! உள்ள ஏறி உக்காந்து, கரண்டியால துடுப்புப் போட்டேன். பின்னாலயே நாப்பது படகு. படகுக்காரனுக்கெல்லாம் கோபம், சவாரிக்கு வந்தவங்க பூரா என் அண்டாவுலதான் ஏறுவேன்னு அடம் பிடிக்காவ. ஒரு கல்யாண ஜோடி, புதுப் பொண்ணு மாப்பிள்ள, கையெடுத்துக் கும்பிட்டாவ. பாவமா இருந்துச்சு. குக்கர் மூடிய மெதக்கவிட்டு அதுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன்.”

இதற்குள் பக்கத்து வீட்டு மாடியிலும் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆவுடையப்பன் அவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

“பீசா கோபுரம் போனோம். அதுக்குக் கீழ நிழல்ல அடுப்ப வச்சு, இதே சொதி. கொதி வரும்போது அண்ணாந்து பாக்கேன், கோபுரம் குனியுது! அடுப்ப மோந்து பாக்க வாறது மாதிரி குனியுது.”

“வே!” சங்கிலிபூதம் எழுந்தே விட்டார். “அது எண்ணூறு வருஷமா சாஞ்சுதான் நிக்கு!”

“யாரு இல்லன்னா? நான் போற வரைக்கும் அந்தப் பக்கம் சாஞ்சு நின்னுது அண்ணாச்சி. இப்ப நிக்குறது இந்தப் பக்கம்.”

பின்கட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியாமல் போனது. கெட்டியான முதல் தேங்காய்ப் பாலைச் சட்டியில் ஊற்றினார். முதல் பாலை ஊற்றினால் சூடேறியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடவே கூடாது. சொதி வைக்கிற வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் அவர் ஆல்ப்ஸ் மலை உச்சியில் இருந்தார்.

“உச்சியில பனி. அந்தத் தடவ கூட வந்த ஆளுங்க எல்லாரும் பந்தியில உக்காந்தாச்சு, இலை போட்டாச்சு. நான் எண்ணெயில மிளகா வத்தல ஒரு பிடி போட்டேன். மலைக்குத் தும்மல் வந்துட்டு டீச்சர்! ஒரே ஒரு தும்மல்தான். உச்சிப் பனி மொத்தமும் பெயர்ந்து எறங்குது, அது மேல நம்ம பந்தியும் எறங்குது. யாரும் எந்திரிக்காதீங்கன்னு சொல்லிட்டேன். சாம்பாரு வாளிய ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, வழுக்கிக்கிட்டே பரிமாறுதேன். ஒரு சொட்டு கீழ சிந்தல. சாம்பாரு சுவிட்சர்லாந்துல, ரசம் ஆஸ்திரியாவுல. பாயாசத்துக்கு வரும்போது கீழ ஜெர்மனி. கைகழுவ எந்திரிச்சவங்க, ‘நாம எங்க வே இருக்கோம்?’ன்னு...”

“ஆவுடையப்பன்,” என்றார் டீச்சர். “சட்டியப் பாருங்க.”

எல்லோரும் பார்த்தோம். சொதி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பால் திரிந்து, மேலே வெள்ளைக் கட்டிகளாக மிதந்தது. கீழே வெறும் தண்ணீரில் முருங்கைக்காய் நீந்தியது.

ஆவுடையப்பன் அவசரமாக அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். முகம் செத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ‘ஐரோப்பா புகழ்’ கார்டு அவர் சட்டைப் பையில் தெரிந்தது. பிறகு மெல்ல ஒரு கட்டியைக் கரண்டியில் அள்ளி டீச்சர் முன்னால் நீட்டினார்.

“இது திரியல டீச்சர். வேணும்னுதான் இப்படி எடுத்தேன். சுவிட்சர்லாந்துல இதத்தான் சீஸ்ங்கான். நான் சொல்லிக் குடுத்ததுதான்.”

முதலில் சிரித்தது சங்கிலிபூதம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் சொன்னார்: “போன தடவ வழிகாட்டி மைக்கப் பிடிச்சா நான் தூங்கிருவேன் டீச்சர். இன்னைக்கு மணி ரெண்டாச்சு, பசியே தெரியல. இவரையே கூட்டிட்டுப் போவோம். அடுப்புப் பக்கத்துல நான் நிக்கேன். இவரு வாயத் தொறந்தா கரண்டிய நான் வாங்கிக்கிடுதேன்.”

டீச்சர் யோசித்தார். திரிந்த சொதியைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு சரியாக இருந்திருக்க வேண்டும், தலையசைத்தார்.

“சரி. விசாவுக்குக் குடுக்கணும், நாளைக்கு உங்க பாஸ்போர்ட்டக் கொண்டு வாங்க.”

ஆவுடையப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். சட்டியைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார்.

“அத இனிமேதான் எடுக்கணும் டீச்சர்.”

“ஒன்பது தடவ போனீங்களே?”

“ஒன்பது தடவையும் யாரும் கேக்கல. எனக்கு முன்னாலயே பெருங்காய வாசம் போயி நிக்கும், அவனுவ கதவத் தொறந்து...”

சங்கிலிபூதம் எட்டிக் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். “நாளைக்கே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்க. பேரும் ஊரும் மட்டும் எழுதுங்க, ஆவுடையப்பன். வேற ஒண்ணும் சேக்காதீங்க.”