ஆட்காட்டி கண்ட கூட்டம்

பறவை பேசினால் மனிதனுக்குப் புரிந்த அந்தக் காலத்தில், கிழக்குக் கடற்கரையில் ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு துறைமுகப் பட்டினம் இருந்தது. மேற்கேயிருந்து வந்த கப்பலில் ரோதை என்ற பெண் அங்கே வந்து இறங்கினாள். அவள் இயேசுவைத் தொழுகிறவள் என்பதைத் தவிர அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

மறு ஆண்டு பட்டினத்தில் கொள்ளைநோய் புகுந்தது. செத்தவர்களைத் தொட அவர்கள் பெற்ற பிள்ளைகளே பயந்தார்கள். உடலைப் பாயில் சுருட்டி, ஆற்றுக்கு அப்பால் இருந்த உவர்நிலத்தில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தார்கள். நரிகள் பட்டப்பகலிலேயே வரத் தொடங்கின.

ரோதை ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக அங்கே போனாள். ஒவ்வோர் உடலையும் கழுவினாள். தன் ஆடையில் ஒரு துண்டைக் கிழித்து முகத்தை மூடினாள். குழியில் இறக்கியதும் குனிந்து, ஊருக்குள் கேட்டுவந்த பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிடுவாள். பிறகுதான் மண்ணைத் தள்ளுவாள்.

அந்த உவர்நிலத்தில் நீண்ட மஞ்சள் கால்களோடு ஒரு பறவை வாழ்ந்தது. குறுகிய வாய்க் குடத்திலிருந்து நீர் வார்ப்பதுபோல் அதற்கு மெல்லிய குரல். கூடு கட்டத் தெரியாத அது, கூழாங்கற்களுக்கு நடுவே வெறுந்தரையில் முட்டையிட்டிருந்தது.

“இந்தப் பக்கம் வெட்டாதே, ரோதை. என் முட்டைகள் இருக்கின்றன” என்றது ஒருநாள்.

“நல்லவேளை சொன்னாய். கல் என்றல்லவா நினைத்தேன்” என்று ரோதை தள்ளிப் போய் வெட்டினாள்.

பறவை அவள் பின்னாலேயே நடந்தது. “இவர்களெல்லாம் உனக்குச் சொந்தமா?”

“இல்லை.”

“பிறகு ஏன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய்? செத்தவர்களுக்குக் கேட்குமா?”

ரோதை வெட்டுவதை நிறுத்தினாள். மூடிய குழிகளின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“கேட்கிறது” என்றாள்.

பறவைக்கு இறகுகள் சிலிர்த்தன.

சில நாளில் பட்டினத் தலைவனின் மகனும் நோயில் இறந்தான். அந்நியப் பெண் ஒருத்தி பிணங்களைத் தொட்டுவிட்டு ஊருக்குள் வருவதால்தான் நோய் பரவுகிறது என்று வைத்தியன் சொன்னான். அவளைக் கொல்லும்படி காவலர் தலைவன் காரிக்குக் கட்டளை போயிற்று.

இதைக் கேள்விப்பட்டு நன்னி என்ற பரதவப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவளுடைய குழந்தையைப் புதைத்தவள் ரோதைதான்.

“அம்மா, காரியின் ஆட்கள் வருகிறார்கள்! படகு கொண்டுவந்திருக்கிறேன், வா!”

“இந்தப் பெரியவர் மிச்சம் இருக்கிறாரே, நன்னி. இவரை எப்படி விட்டுவிட்டு வருவேன்?”

அந்த முதியவரை மண்ணில் இட்டு மூடி முடித்தபோது ஆற்றுப் பக்கம் வேல்முனைகள் தெரிந்தன. இனிப் படகுக்குப் போக முடியாது. பாதி வெட்டியிருந்த ஒரு குழியில் ரோதையைப் படுக்கவைத்து, உமரிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டு மூடினாள் நன்னி. பறவையைப் பார்த்துக் கைகூப்பினாள். “நீ எதையும் பார்க்கவில்லை, தாயே.” பிறகு நாணலுக்குள் ஓடி ஒளிந்தாள்.

காரி வந்தான். வெறும் உவர்நிலமும் மண்மேடுகளும்தான் தெரிந்தன.

“அவள் எங்கே?” என்று பறவையைக் கேட்டான். அது தலையைத் திருப்பிக்கொண்டது.

“சரி. வரிசையாக நில்லுங்கள். ஒரு சாண் நிலம் விடாமல் மிதித்துக்கொண்டே வாருங்கள்.”

காவலர்களின் வரிசை நெருங்கி நெருங்கி வந்தது. ஒருவனுடைய கனத்த செருப்பு முட்டைகளின்மேல் உயர்ந்தது. பறவை அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தது.

“ஆள் அங்கே!” என்றது.

அந்தக் கால் அப்படியே நின்றது. குழியிலிருந்து ரோதையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பறவையைக் கடக்கும்போது அவள் திரும்பினாள்.

“முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?”

ரோதை தரையைப் பார்த்தாள், நான்கும் முழுதாக இருந்தன. “நல்லது” என்றாள்.

அவளை அங்கேயே வெட்டினார்கள். “யாரும் புதைக்கக் கூடாது. நரி தின்னட்டும்” என்று சொல்லிக் காரி உடலைச் சுற்றிக் காவல் நிறுத்தினான்.

நரிகள் வந்தன. தொலைவில் நின்று முனகிவிட்டு, வாலை இடுக்கிக்கொண்டு திரும்பிப் போயின. காற்று நின்றது. சூரியன் இறங்கியும் வெளிச்சம் போகாமல் மண்மேல் கிடந்தது.

அப்போது பறவை மட்டும் அதைப் பார்த்தது. மேடுகள் ஒவ்வொன்றாகப் பிளந்தன. முகத்தைத் துணி மூடியபடி முதியவர் எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள், மாலுமிகள். எல்லோருக்கும் பின்னால், இன்னும் சரியாக நடக்கத் தெரியாத ஒரு குழந்தை. காவலர்களுக்கு நடுவே அவர்கள் நுழைந்தபோது, “குளிர்கிறதே” என்று ஒரு காவலன் தோளைத் தேய்த்துக்கொண்டான். வந்தவர்கள் ஆளுக்கொரு கைப்பிடி மண்ணை ரோதைமேல் போட்டார்கள்.

“ஆள்! ஆள்! பாருங்கள்!” என்று பறவை கத்தியது.

“எங்கே?” காரி வாளை உருவிச் சுழன்றான். வாள் வெறுங்காற்றை வெட்டியது.

“உங்கள் நடுவே! ஆள்! ஆள்!”

சத்தம் கேட்டுக் குழந்தை நின்றது. துணி மூடிய முகத்தை மெதுவாகப் பறவையின் பக்கம் திருப்பியது. அந்தக் கணத்தில் பறவையின் குரல் கிழிந்தது.

காரி திரும்பிப் பார்த்தபோது உடல் கிடந்த இடத்தில் ஒரு மேடு இருந்தது. அதன்மேல் பெரிதும் சிறிதுமாக ஈரக் கைத்தடங்கள். அவன் ஆட்கள் வேல்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். காரி மட்டும் வாளைத் தரையில் வைத்துவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றான்.

மறுநாள் காலையில் ரோதையின் மண்வெட்டியை நன்னி எடுத்தாள். காரியும் வந்து அவளோடு குழி வெட்டினான். அதன்பிறகு அந்தப் பட்டினத்தில் எந்த உடலும் வெளியே வீசப்படவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே மண் தள்ளினார்கள்.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகளைக் கொஞ்சிக் கூப்பிடப் பறவை வாய் திறந்தது. வந்தது அந்த அலறல்தான்.

அன்று தொட்டுத்தான் அதற்கு ஆட்காட்டி என்று பெயர். வெட்டவெளியில் யார் நடந்தாலும் அது கத்துகிறது. சில அந்திகளில் யாருமே இல்லாதபோதும் கத்தும். அப்போது அந்தக் கரையில் உள்ளவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, பாதையைவிட்டு ஒதுங்கி வழிவிட்டு நிற்பார்கள்.