ஆத்தாள் காலடி மண்

வடக்கூரில் ஒரு காலத்தில் அறுபது வீடு இருந்தது. கிணற்றுத் தண்ணீர் அப்படி ஒரு தித்திப்பு. சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துப் பார்ப்பார்கள். பிறகு பள்ளிக்கூடம் வந்தது, பஸ் வந்தது.

ஒரு கோடையில் தண்ணீர் உப்புத் தட்டியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸும் நின்று போனது. கடைசியில் மிஞ்சியது இருளப்பன் குடும்பம் மட்டும்தான். அவன், அவன் மனைவி சீனியம்மா, பத்து மாதக் கைப்பிள்ளை.

இருளப்பன் வெள்ளிக்கிழமைதோறும் மலையடி மண்டபத்துக்குப் போவான். அங்கே இருந்த பூரணத்தம்மாள்தான் அவனுக்குக் குரு. வயதில் அவனுக்கு இளையவள். அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை சீனியம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே போய்விட்டாள்.

“தாயே, ஊர் சாகாம இருக்க என்ன செய்யணும்?” என்று கேட்டான் இருளப்பன்.

“இப்ப என்ன செய்யறீங்க அண்ணே?”

அவன் வாயைத் திறக்கும் முன்னே சீனியம்மா முந்திக்கொண்டாள்.

“நான் சொல்றேம்மா. இடிஞ்சு விழுந்தது போக, பூட்டிக் கெடக்கிற பதினோரு வீட்டு வாசலையும் நான் தெளிச்சுக் கோலம் போடணும். தெனமும். வெளியாள் பார்த்தா ஊர்ல ஆள் இருக்கிற மாதிரி தெரியணுமாம். என் இடுப்பே போச்சு.”

“ஏய், சும்மா இரு.”

“எதுக்குச் சும்மா இருக்கணும்? புள்ளைக்கு மாசம் ரெண்டு தடவ வயித்தால போகுது. எங்க அண்ணன் ஊருக்குப் போயிருவோம்னா, ஊரோட கடைசிக் கதவ நான் சாத்த மாட்டேங்கிறாரு. கோலம் போட்டா உப்பு எறங்கிருமா?”

பூரணத்தம்மாள் சிரித்துவிட்டாள். பிறகு எழுந்து அவர்களோடு வடக்கூருக்கே நடந்து வந்தாள்.

வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். ஒரு வாய் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை.

“பாப்பாவுக்கும் இதேதானா?”

“இதேதான்மா. காய்ச்சிக் குடுக்கிறேன்” என்றாள் சீனியம்மா.

இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

பூரணத்தம்மாள் ஊர்க்கோடியில் இருந்த ஆத்தாள் கோயிலுக்குப் போனாள். கோயில் என்றால் வேப்பமரத்தடியில் ஒரு கல். அவ்வளவுதான்.

“அண்ணே, கல்லுப் பக்கத்துல கொஞ்சம் தோண்டுங்க.”

அவன் தயங்கினான். பிறகு கும்பிட்டுவிட்டு ஒரு முழம் தோண்டினான். மேலே கரிசல். கீழே செக்கச்செவேலென்று மண் வந்தது.

“உங்க ஊர் பூராவும் கரிசலாச்சே. இது ஏது?”

“எங்க முப்பாட்டன் குடி வந்தப்ப, மேற்கே இருந்த பழைய ஊர் ஆத்தா காலடியிலேர்ந்து பிடிமண் எடுத்தாந்து, அதப் போட்டுத்தான் இங்க ஆத்தாள வச்சாராம் தாயே.”

“எதுக்கு அந்த ஊர விட்டாரு?”

“அங்க மழ இல்லாமப் போச்சுன்னு சொல்வாங்க.”

“அங்க கடைசிக் கதவச் சாத்தினது யாரு?”

இருளப்பன் யோசித்தான். “தெரியலையே.”

“அவர யாராவது திட்டுவாங்களா?”

“யாருக்கும் பேர்கூடத் தெரியாது தாயே. எதுக்குத் திட்டப்போறாங்க?”

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு நாளோ பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது போல இருந்தது அவனுக்கு.

பூரணத்தம்மாள் அந்தச் சிவப்பு மண்ணில் ஒரு பிடி அள்ளினாள். சீனியம்மா சட்டென்று முந்தானையை விரித்தாள். இருளப்பன் தடுக்கவில்லை. குழந்தை கையை நீட்டி மண்ணைப் பிடிக்கப் பார்த்தது.

“தாயே, நாங்க போயிட்டா ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளா?”

“அவளும் குடி பெயர்ந்து வந்தவதானே அண்ணே. அவளுக்குப் பழக்கம்தான்.”