பாயசத்துக்குச் சாட்சி

அது முன்னொரு காலம். எந்தக் காலம், எந்த நாடு என்று என்னைக் குடையாதீர்கள். ஒரு ராஜா இருந்தார், அவர் பெயர் விசயதுங்கன், அவ்வளவு போதும். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒரு யோசனை உதித்துவிட்டால், மாலைக்குள் நாடே அதன்படி நடக்க வேண்டும். தம் தூக்கம் கெடுகிறது என்று ஒருமுறை யானைகளை அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். பாகர்கள் பட்ட பாட்டை அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அன்று உதித்த யோசனை வேறு. "நம் கோட்டங்களில் ஆட்சி எங்கே சிறப்பாக நடக்கிறது?" என்று சபையில் கேட்டார்.

முதன்மந்திரியான பிரதானி மதிவாணர் எழுந்தார். "புன்னைக்கோட்டத்தில், அரசே. அங்கிருந்து இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை."

புன்னைக்கோட்டத்தின் அதிகாரி சாத்தப்பர், இந்த மதிவாணரின் மருமகன். சபையில் எல்லாருக்கும் இது தெரியும். சொல்வதற்குத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

"ஒரு புகார்கூட இல்லையா! அப்படியானால் நாடு முழுவதையும் அதே முறையில் மாற்றிவிடுவோம்!" என்று ராஜா துள்ளினார்.

அந்த நேரம் பார்த்து ஒருவன் சிரித்துத் தொலைத்தான். அவன்தான் அரண்மனை விகடன் ஏகாம்பரன்.

"ஏன் சிரித்தாய்?"

"ஒன்றுமில்லை அரசே. அடியேன் வீட்டிலும் ஒருநாள் ஒரு புகாரும் வரவில்லை. மகிழ்ந்து போய்ப் பார்த்தால், என் மனைவி என்னோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள்."

சபை சிரித்தது, ராஜாவும் சிரித்தார். மதிவாணர் மட்டும் சிரிக்காமல் கைகட்டி முன்னே வந்தார். "ஏகாம்பரனாருக்கு அங்கே ஏதோ குறை தெரிகிறது போலும். அவரே போய்ப் பார்த்து வரட்டும், அரசே. ஆனால் புன்னைக்கோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. சாட்சி இல்லாமல் குறை சொன்னால் நாக்கை அறுத்துவிடுவார்கள். அங்கே பொய்ப்புகார் வராததற்கு அதுதான் காரணம். அந்தச் சட்டம் இவருக்கும் பொருந்துமல்லவா?"

"பொருந்தும்" என்றார் ராஜா, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

மற்றவர்களுக்கு நாக்கு என்பது சோறு தின்ன, வம்பு பேச. ஏகாம்பரனுக்கோ அதுதான் ஏர், அதுதான் மாடு, அதுதான் நிலம். அது போய்விட்டால் அவனை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்?

புன்னைக்கோட்டத்துக்குள் வண்டி நுழைந்ததுமே அவனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சந்தை கூடியிருந்தது, ஆனால் இரைச்சல் இல்லை. பேரம் பேசாத சந்தையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எடைக்கல்லைக் கடைக்காரன் வைக்கிறான், வாங்குகிறவன் தலையாட்டிவிட்டுப் போகிறான்.

வாய்க்கால் ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். உலகாயி என்று பெயர். அவள் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பக்கத்திலேயே சாத்தப்பரின் வயலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, மடையத் திறந்து விடலயா?" என்றான் ஏகாம்பரன்.

"எல்லாம் நல்லபடியா இருக்குங்க சாமி."

"வயலு வெடிச்சுக் கெடக்கேம்மா?"

அவள் நாலு பக்கமும் பார்த்தாள். கண் கலங்கியது, ஆனால் வாய் அதையேதான் சொன்னது. "எல்லாம் நல்லபடியா இருக்குங்க. போயிருங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சந்தையில் கேட்டான், கோயில் வாசலில் கேட்டான், நெசவாளரின் தறிக்குழியில் இறங்கிக் கேட்டான். எல்லாரும் ஒரே பாடத்தைத்தான் ஒப்பித்தார்கள். பேசுகிறவர்கள் ஒவ்வொருவரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசுவதை அவன் அப்போதுதான் கவனித்தான். அவன் கையும் தானாக வாய்க்குப் போயிற்று.

சாத்தப்பர் விருந்து வைத்து, தம் ஆட்சி முறையைத் தாமே விளக்கினார். வரி வாங்குவது அவர். மடை திறப்பது அவர். வழக்கைத் தீர்ப்பதும் அவரே. இதையெல்லாம் மேற்பார்க்க நெறிக்காவலர் என்று ஒருவர் உண்டு. அவரை நியமித்ததும் சாத்தப்பர்தான். தம் தங்கை புருஷனையே நியமித்திருந்தார்.

"யார் மேலாவது புகார் என்றால்?" என்று கேட்டான் ஏகாம்பரன்.

"யார் மேல் புகாரோ, அவரிடமே கொடுத்துவிட வேண்டும். அவர் விசாரித்துக்கொள்வார். மூன்றாம் மனிதருக்கு இதில் என்ன வேலை?" என்று சொல்லி, சாத்தப்பர் அவன் இலையில் இன்னொரு வடையை வைத்தார்.

திரும்பும் வழியில் ஒரு குயவனைப் பார்த்தான். சடையன் என்று பெயரைச் சொன்னது பக்கத்தில் நின்ற அவன் மனைவி. ஏனென்றால் சடையனால் சொல்ல முடியாது. எடைக்கல்லில் ஏமாற்று நடக்கிறது என்று ஒருநாள் சந்தையில் சத்தம் போட்டானாம். சாட்சிக்கு யாரும் வரவில்லை. சடையன் ஏகாம்பரனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சக்கரத்தை நிறுத்திவிட்டு, சேற்றுக் கையால் தன் உதட்டின் மேல் விரல் வைத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ஏகாம்பரன் ஓடிப்போய் வண்டியில் ஏறி, சீக்கிரம் ஓட்டு என்று வண்டிக்காரனை விரட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மரகதத்திடம் எல்லாவற்றையும் கொட்டினான். "எனக்குப் பயமா இருக்குடி. சாட்சின்னு ஒரு ஈ காக்கா வராது. எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுத் தப்பிச்சிடறேன்."

"சொல்லுங்க. யாரு வேணாம்னா?" என்றாள் மரகதம். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "ஆனா நீங்க அப்படிச் சொன்னா, அந்தச் சட்டம் இங்கயும் வந்துரும். நாளைக்கு ராசா மூக்கப் பத்தி நீங்க ஒரு வேடிக்கை சொன்னா, பிரதானி சாட்சி கேப்பாரு. அப்ப என்ன பண்ணுவீங்க? மூக்கையா கூப்புடுவீங்க?"

ஏகாம்பரனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பக்கம் போனாலும் நாக்கு போகும், அந்தப் பக்கம் போனாலும் போகும். அன்று சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

மறுநாள் சபைக்குப் போகிறபோது, அரண்மனை வெளிமுற்றத்தில் நல்லதம்பி உட்கார்ந்திருந்தார். ராஜாவின் உணவை முதலில் உண்டு பார்ப்பவர் அவர். விஷம் இருந்தால் முதலில் அவருக்குத் தெரிய வேண்டும், பிறகுதான் ராஜா கை நனைப்பார். அரண்மனையில் இதற்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. உண்டு பார்ப்பவர் சமையற்கட்டில் யாருக்கும் உறவாக இருக்கக் கூடாது. சமையற்காரர் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. அதனால் நல்லதம்பி தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சோற்றை அங்கே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

"என்ன கண்டாய்?" என்று ராஜா கேட்டார்.

"நான் கேட்டவர்கள் அனைவரும் 'எல்லாம் நல்லபடி' என்றார்கள், அரசே. இதில் என் சொல் ஒன்றும் இல்லை."

மதிவாணரின் முகம் மலர்ந்தது. சபையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விகடனும் மடங்கிவிட்டானே என்று சிலருக்கு வருத்தம். பலருக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

"அப்படியானால் அந்த முறை என் நாடெங்கும் வரட்டும்!"

"எங்குமா, அரசே?" என்று கேட்டான் ஏகாம்பரன்.

"எங்கும்! ஒரு சாண் இடம் பாக்கி இருக்கக் கூடாது. ஏற்பாட்டையும் நீயே செய்."

"உத்தரவு" என்று சொல்லிக் குனிந்தவன், நிமிர்வதற்குள் ஊரிலுள்ள சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டான்.

மறுநாள் மதியம் ராஜா உண்ண அமர்ந்தார். புது ஆட்சிமுறையைக் கொண்டாடப் பிரதானிக்கும் பக்கத்தில் இலை போட்டிருந்தது. நெய் மணக்கப் பாயசம் வந்தது. உண்டு பார்க்கும் இடத்தில் நல்லதம்பி இல்லை. முன்பின் தெரியாத ஒருவன் நின்றான்.

"யார் நீ?"

"கேசவனுங்க மகாராஜா. தலைமைச் சமையற்காரர் வரதனோட மச்சான். அவர்தான் என்னை இந்த வேலையில வச்சாரு."

"சரி, உண்டு பார்."

"எல்லாம் நல்லபடியா இருக்குங்க மகாராஜா" என்றான் கேசவன், கிண்ணத்தைத் தொடாமலே.

ராஜாவின் கை பாதி வழியில் நின்றது. "நீ வாயில் வைக்கவே இல்லையே!"

"மச்சான் நல்லாருக்குன்னு சொல்லிட்டாருங்க."

"எங்கே நல்லதம்பி? இது என்ன அக்கிரமம்? நான் புகார் சொல்கிறேன்!"

தூணுக்குப் பின்னாலிருந்து ஏகாம்பரன் வந்தான். வேட்டி நுனி ஆடியது, காற்றால் அல்ல. "புகாரைச் சமையற்காரரிடம் கொடுத்துவிடுங்கள், அரசே. புன்னைக்கோட்டத்து முறைப்படி அவரே விசாரிப்பார், அவரே தீர்ப்பும் சொல்வார். அரண்மனையும் தங்கள் நாட்டில்தானே இருக்கிறது? ஒரு சாண் இடம் பாக்கி வைக்காதே என்றீர்கள்."

வரதன் முன்னே வந்தான். கையில் காய் நறுக்கும் கத்தி. பாவம், அவனுக்கும் உதறல்தான். "மகாராஜா மன்னிக்கணும். இப்படிக் கேக்கச் சொல்லி உத்தரவு. பாயசத்துல குறை இருக்குன்னு சொன்னா... சாட்சி இருக்குங்களா? இல்லாட்டி நாக்கை..." அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல வரவில்லை.

ராஜா தம் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். புன்னைக்கோட்டத்தில் எல்லாரும் செய்கிற மாதிரியே! போர்க்களத்தில் அம்பு மழைக்கு நடுவே நின்றவர் ஐயா, ஒரு கிண்ணம் பாயசத்துக்கு முன்னால் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். பசித்தது, ஆனால் உண்ண முடியவில்லை. கோபம் வந்தது, ஆனால் யாரிடம் சொல்வது? வாசலில் காவலர்கள் நின்றார்கள். அவர்களை யார் நியமித்தது, அவர்கள் யாருடைய மச்சான்கள் என்ற எண்ணம் வந்ததும் அவர் அவர்களைக் கூப்பிடவும் இல்லை.

"ஏகாம்பரா! உன் தலையை எடுத்துவிடுவேன்!"

"எடுங்கள், அரசே. ஆனால் இந்த முறையை மெச்சிக் கொண்டுவந்தவர் பக்கத்திலேயே இருக்கிறார். அவரை முதலில் ஒரு வாய் பாயசம் சாப்பிடச் சொல்லுங்கள். நல்ல முறை என்றால் அவருக்கு என்ன பயம்?"

ராஜா திரும்பினார். "பிரதானி, உண்ணுங்கள்."

மதிவாணர் கிண்ணத்தைப் பார்த்தார். கேசவனைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். "அரசே... எனக்கு இன்று... விரதம்."

"விரதக்காரர் இலை போட்டு உட்காருவாரா?"

"வயிறும் சற்று..."

"உண்ணும்!"

மதிவாணர் கிண்ணத்தை எடுத்தார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். கை உதறி, பாயசம் பட்டு அங்கவஸ்திரத்தில் சிந்தியது. சட்டென்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாட்டேன் அரசே! சமைத்தவன் மச்சான் நல்லதென்று சொன்னால் அதை நம்பி எவன் தின்பான்?" என்று கத்திவிட்டார்.



ஏகாம்பரன் மெல்லக் கைகூப்பினான். "குறை சொன்னால் சாட்சி வேண்டும் என்றீர்கள், அரசே. இதோ, பிரதானியே சாட்சி சொல்லிவிட்டார். இனி நான் குறையைச் சொல்லலாமா?"

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். வெடித்த வயல், பேரம் இல்லாத சந்தை, வாய் பொத்திய கைகள் என்று வந்து, கடைசியில் சடையனைப் பற்றிச் சொன்னான். சொல்லி முடித்ததும், பிரதானி கீழே வைத்த கிண்ணத்தை எடுத்து மடக்மடக்கென்று குடித்தான். ராஜா "ஐயோ!" என்று பாதி எழுந்துவிட்டார்.

"ஒன்றும் இல்லை, அரசே. வரதனும் கேசவனும் நல்லவர்கள். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். ஆனால் இவர்கள் நல்லவர்கள் என்பது தங்களுக்கு எப்படித் தெரியும்?"

ராஜா அவனையே பார்த்தார். முதலில் ஒரு மூச்சு வந்தது, பிறகு ஒரு கனைப்பு, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என் நாக்கே போயிருக்குமடா, படுபாவி! என்ன வேண்டும், கேள்!"

"முதலில் அந்த நாக்குச் சட்டம் போக வேண்டும், அரசே. வரி ஒருவரிடம், மடை ஒருவரிடம், வழக்கு வேறொருவரிடம் இருக்கட்டும். நெறிக்காவலரை அதிகாரி நியமிக்க வேண்டாம், தாங்களும் நியமிக்க வேண்டாம். அதிகாரிக்கு உறவில்லாதவர்களின் பெயர்களைக் குடத்தில் போட்டு ஊரார் முன்னால் எடுக்கட்டும். வருகிறவர் நல்லதம்பியைப் போல அதிகாரி வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது."

"நானுமா நியமிக்கக் கூடாது?" ராஜாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. ராஜா அந்தக் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். "சரி. நானும் கூடாது" என்றார்.

மதிவாணரும் மருமகனும் பதவி இழந்து ஊரார் முன் வழக்குக்கு நின்றார்கள். ஏகாம்பரனுக்குப் பட்டும் பொன்னும் கிடைத்தன. பெயர் போடுகிற குடத்தைச் சடையன்தான் செய்தான். முதல் முறை குடத்தில் கைவிட்டு ஓலையை எடுத்ததும் அவனேதான்.

அடுத்த விதைப்புக்கு ஏகாம்பரன் அந்தப் பக்கம் போனான். புது நெறிக்காவலர் வாய்க்கால் ஓரமாக நின்று, "எல்லாம் நல்லபடியா இருக்காம்மா?" என்று உலகாயியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கை பழக்கத்தில் வாய்க்குப் போயிற்று. அங்கேயே சற்று நேரம் நின்றது. பிறகு இறங்கியது.

"இல்லீங்க" என்றாள். "தண்ணி கடைசி வயலுக்கு வந்து சேரல. நேத்தே வந்திருக்கணும், இன்னும் வரல. என்னன்னு கேளுங்க!" சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போயிற்று.

ஏகாம்பரன் வண்டியிலிருந்து இறங்கவில்லை. அவள் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான். அவர்கள் அங்கே வாய் திறந்து வாழ்ந்தார்கள். நாம் இங்கே அப்படியே வாழ்வோம்.