ஓட்டுப் போடாதவர்கள்

பாளையங்கோட்டைக் கல்லூரியில் பேராசிரியை எஸ்தர் செல்வகனிக்கு ஐம்பது வயது. அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த மாடசாமிக்கு அறுபத்தேழு. தாலுகா அலுவலகத்தில் ஓய்வு பெற்ற பிறகு படிக்க வந்தவர். மாடசாமி எஸ்தரை மேடம் என்பார். எஸ்தர் மாடசாமியை அண்ணாச்சி என்பார்.

அமெரிக்க செனட் சபையைப் பற்றி எழுதிய புத்தகம்தான் எஸ்தருக்குப் பெயர் வாங்கித் தந்தது. முக்கியமான ஓட்டெடுப்புக்குக்கூட உறுப்பினர்கள் பலர் சபைக்கு வருவதில்லை, அவர்களுக்கு அக்கறை இல்லை என்று அதில் எழுதியிருந்தார்.

ஆறு வருட ஆய்வின் கடைசியில், அது தப்பு என்று மாடசாமிக்குத் தெரிந்துவிட்டது. மேடம் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். அந்தத் தப்பைக் காட்டும் அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டார்.

"எடுக்காம பின்ன? கையெழுத்துப் போடுற கையவே கடிக்கப் போறீயளாக்கும்" என்றாள் அவள்.

மறைக்கவும் மனம் வரவில்லை. அத்தியாயத்தை மேடத்தின் மேசையில் வைத்து, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

எஸ்தர் நின்றபடியே படித்தார். பாதியில் உட்கார்ந்தார். முடித்ததும், மத்தியான வகுப்பை நீங்களே எடுங்கள் என்றார்.

மத்தியானம் கரும்பலகை முன்னால் மாடசாமி சாக்பீஸோடு நின்றார். முதல் பெஞ்சில், மாணவிகளுக்கு நடுவே, எஸ்தர் நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஓட்டுப் பட்டியலை மட்டும் பார்த்தால் வராதவர் என்றுதான் தோன்றும் என்று ஆரம்பித்தார் மாடசாமி. சபையின் தினக் குறிப்பையும் புரட்டினால் வேறு கதை. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் நோயில் படுத்திருப்பார். அவரால் வந்து ஓட்டுப் போட முடியாது. அந்த ஒரு ஓட்டுக் குறைந்து அவர் பக்கத்துக்கு நஷ்டம் வரக்கூடாது என்று, இவர் சபைக்கு வந்தும் தன் ஓட்டைப் போடாமல் உட்கார்ந்திருப்பார். அங்கே அப்படி ஒரு வழக்கம்.

எஸ்தர் கையைத் தூக்கினார். "எழுதி வாங்கிக்கிடுவாங்களா அண்ணாச்சி?"

"இல்ல மேடம். வாய்வார்த்தைதான்."

எஸ்தர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

வகுப்பு கலைந்ததும் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாடசாமி அதை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"இருபது வருசத்துப் புத்தகம் மேடம். வருத்தமா இல்லியா?"

"இருபது வருசமா அவங்க வரலன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்று எஸ்தர் சிரித்தார். "வந்திருக்காங்களே, அண்ணாச்சி."